சொட்டுத் தெரியாமல் குறையும் கூலன்ட்

காலை எட்டரை மணிக்குச் சரவணம்பட்டி சிக்னலில் நிற்கும் கார்களுக்கு எதிர்க்காற்று கிடைப்பதில்லை. கே.ஜி.ஐ.எஸ்.எல். வளாகத்துக்கும் கீரணத்தம் ஐ.டி. பூங்காவுக்கும் போகிறவர்கள், கல்லூரிப் பேருந்துகள், அன்னூர் பக்கமிருந்து வரும் லாரிகள் எல்லாம் சத்தி சாலையை நிறைத்துக்கொண்டு ஊர்ந்து நகர, ரேடியேட்டர் விசிறியை மட்டுமே நம்பி இன்ஜின்கள் ஓடுகின்றன. சனிக்கிழமையானால் அதே கார்கள் மேட்டுப்பாளையம் வழியாக ஊட்டிக்குக் கிளம்பும். இல்லையென்றால் சத்தியமங்கலம் தாண்டித் திம்பத்தின் 27 கொண்டை ஊசி வளைவுகளில் ஏறும். வாரமெல்லாம் நெரிசல், வார இறுதியில் மலை. இன்ஜினைக் குளிர்விக்கும் அமைப்புக்கு இதைவிடக் கடினமான பரீட்சை வைக்க முடியாது.

அந்தப் பரீட்சையில் தோற்கத் தொடங்கும் வண்டி முதலில் சத்தம் போடுவதில்லை. பானெட்டைத் திறந்தால் கூலன்ட் டப்பாவில் மட்டம் கீழ்க்கோட்டுக்குப் போயிருக்கும், அவ்வளவுதான். "கீழ ஒரு சொட்டுக்கூட இல்லீங்க. ஆனா மூணு வாரத்துக்கு ஒருக்கா கொறஞ்சு போயிருதுங்க" என்பார் வண்டிக்காரர். "வெளிய லீக் ஒண்ணும் தெரியலீங்கண்ணா. ஊத்தி ஓட்டுங்க, அப்புறம் பாத்துக்கலாம்" என்பார் மெக்கானிக். இருவருமே கண்ணில் பட்டதைத்தான் சொல்கிறார்கள். ஆனால் ஊத்தி ஓட்டும் அந்த மாதங்களில்தான், சில நூறு ரூபாய் மூடியோடு முடிந்திருக்க வேண்டிய வேலை சிலிண்டர் ஹெட்டைக் கழற்றும் வேலையாக வளர்கிறது. காரணம் தெரியவில்லை என்று சொல்லப்படும் பெரும்பாலான வண்டிகளில், யாரும் முறையாகச் சோதித்துப் பார்த்ததில்லை என்பதே உண்மை.

இந்த ஊத்தி ஓட்டும் பழக்கத்துக்கு ஒரு வரலாறு உண்டு. ஜி.டி. நாயுடு 1920-ல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே ஒற்றைப் பேருந்தோடு தொழில் தொடங்கிய காலத்து வண்டிகளில் ரேடியேட்டர் அழுத்தம் இல்லாத திறந்த அமைப்பு. தண்ணீர் கொதித்து ஆவியாவது அன்றாட நடப்பு. பின்னால் வந்த லாரிகளிலும் தண்ணீர் டின் இல்லாமல் மலையேறிய டிரைவர் கிடையாது. அந்த வண்டிகளுக்கு அது சரியான பழக்கம்தான். இன்றைய காரில் கூலன்ட் ஓடுவது மூடிய சுற்றில். அதில் மட்டம் தொடர்ந்து இறங்குகிறது என்றால் எங்கோ ஒரு வழி திறந்திருக்கிறது.

முதலில், குறைகிறதா என்பதையே உறுதிசெய்துகொள்ள வேண்டும். சிறிய காரின் சுற்றில் நான்கு முதல் ஆறு லிட்டர் வரை திரவம் இருக்கும். ஐந்து லிட்டர் என்று வைத்துக்கொண்டால், காலையில் 30 டிகிரி செல்சியஸில் இருக்கும் அது 95 டிகிரிக்குச் சூடாகும்போது 150 முதல் 200 மில்லி வரை விரிகிறது. ஆகவே ஆபீஸிலிருந்து வந்து இறங்கியதும் பார்த்த மட்டத்தை மறுநாள் காலை மட்டத்தோடு ஒப்பிட்டுக் கலங்குவதில் பொருளில்லை. வண்டி சரிவில் நின்றாலும் கோடு மாறும். புதிதாகக் கூலன்ட் மாற்றிய வண்டியில், உள்ளே சிக்கிய காற்று மெல்ல வெளியேற, முதல் சில நாட்களில் மட்டம் இறங்குவதும் இயல்பே.

டப்பாவிலும் இரண்டு வகை உண்டு. பழைய சிறிய கார்கள் பலவற்றில் அழுத்த மூடி ரேடியேட்டரின் தலையில் இருக்கும். பக்கத்து டப்பா வெறும் தேக்கம், அதன் மூடி காற்று போய்வரும்படி தளர்வானது. அதிலிருந்து மாதக்கணக்கில் கொஞ்சம் ஆவியாகலாம். இப்போதைய பல வண்டிகளில் டப்பாவே அழுத்தத்தைத் தாங்கும் பாத்திரம். அதன் திருகு மூடிதான் அழுத்த மூடி. அங்கே "ஆவியாயிருக்குமுங்க" என்ற சமாதானம் செல்லாது. இரவெல்லாம் ஆறிய இன்ஜினில், ஒரே சமதளத்தில், டப்பாவின் மேல் மார்க்கரால் ஒரு கோடு. பக்கத்தில் தேதியும் கிலோமீட்டரும். இரண்டு மூன்று வாரம் இப்படிக் குறித்தால், ஆயிரம் கிலோமீட்டருக்கு இத்தனை மில்லி என்று ஓர் எண் கிடைக்கும். பட்டறைக்குக் கொண்டுபோகத் தக்க முதல் தகவல் அதுதான்.

அப்படிக் குறைந்த திரவம் எங்கே போனது? தரை காய்ந்திருப்பதால் வெளியே கசியவில்லை என்று முடிவுகட்டுவது எல்லோரும் செய்யும் பிழை. பத்து விநாடிக்கு ஒரு சொட்டு விழும் கசிவை எடுத்துக்கொள்வோம். ஒரு மில்லிக்கு ஏறத்தாழ இருபது சொட்டு என்றால், மணிக்கு 18 மில்லி. தினமும் இரண்டு மணி நேரம் ஓடும் வண்டியில் மாதத்துக்கு ஒரு லிட்டரைத் தாண்டிவிடும். அந்தச் சொட்டு விழும் இடம் சூடான பிளாக்காகவோ எக்ஸாஸ்ட் குழாயாகவோ இருந்தால், விழுந்த கணமே ஆவி. எஞ்சுவது வெள்ளையாகவோ கூலன்ட்டின் நிறத்திலோ உலர்ந்து படிந்த பொடித் தடம் மட்டுமே. டார்ச் அடித்துத் தேட வேண்டியது அந்தத் தடத்தை.

வெயில் காலத்தில் இதற்கு நேர்மாறான குழப்பமும் நடக்கும். ஏ.சி. போட்டு ஓட்டிய காரின் அடியில் சொட்டும் நீரைப் பார்த்துவிட்டுக் கூலன்ட் ஒழுகுகிறது என்று பதறி வருகிறவர்கள் உண்டு. ஏ.சி. தண்ணீர் நிறமற்றது, வழவழப்பு இல்லாதது. கூலன்ட்டை விரலில் எடுத்துத் தேய்த்தால் வழுக்கும், இனித்த வாசம் வரும். நாக்கில் வைத்துப் பார்க்கும் பழக்கத்தை மட்டும் அடியோடு விட வேண்டும். அதிலுள்ள எத்திலீன் கிளைக்கால் இனிப்பான விஷம். வளர்ந்த ஆளுக்கே 100 மில்லி அளவு உயிரை எடுக்கக்கூடும். பட்டறையில் வடித்த கூலன்ட்டைத் திறந்த தட்டில் விட்டுவைத்தால் தெருநாய்கள் குடித்துச் சாகும். அதை மூடிய கேனில் ஊற்றி வைப்பது பெரிய வேலையே இல்லை.

சந்தேகப்பட வேண்டிய முதல் பொருள் எல்லாவற்றிலும் மலிவானது: மூடி. அதற்குள் இரண்டு வால்வுகள் இருக்கின்றன. சூடேறி அழுத்தம் அளவைத் தாண்டினால் ஒன்று திறந்து திரவத்தை டப்பாவுக்கு அனுப்பும். இன்ஜின் ஆறும்போது உள்ளே வெற்றிடம் உண்டாகும். அப்போது மற்றது திறந்து, போனதைத் திரும்ப இழுத்துக்கொள்ளும். கிணற்று மோட்டாரில் புட் வால்வ் ஒழுகினால் என்ன ஆகும் என்று கொங்கு நாட்டில் யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. இரவோடு இரவாகக் குழாய் வற்றி, காலையில் மோட்டார் காற்றை இழுக்கும். ரேடியேட்டர் மூடியின் ரப்பர் கெட்டாலும், டப்பாவுக்குப் போகும் சிறு ஹோஸ் வெடித்தாலும் நடப்பது அதுவே. ரேடியேட்டர் குறைந்துகொண்டே போக, டப்பா நிறைந்தே நிற்கும். டப்பாவை மட்டும் எட்டிப் பார்க்கிறவருக்கு எல்லாம் சரியாக இருப்பதாகவே தோன்றும்.

மூடியின் மேல் 0.9 என்றோ 1.1 என்றோ அச்சிட்டிருக்கும் எண், அது தாங்கும் அழுத்தத்தைப் பார் கணக்கில் சொல்கிறது. மலையேறும் ஊர்க்காரர்களுக்கு அந்த எண் மிக முக்கியம். ஊட்டி 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே திறந்த பாத்திரத்துத் தண்ணீர் 92, 93 டிகிரியிலேயே கொதிக்கும். 0.9 பாரைத் தாங்கும் நல்ல மூடி போட்டிருந்தால் வெறும் தண்ணீர்கூட ஊட்டியில் 115 டிகிரி வரையும், கோவையில் 118 டிகிரி வரையும் கொதிக்காமல் நிற்கும். சரிபாதி கூலன்ட் கலந்திருந்தால் இன்னும் ஏழெட்டு டிகிரி கூடும். ஸ்பிரிங் தளர்ந்து 0.3 பாரிலேயே திறந்துவிடும் மூடி என்றால், ஊட்டியில் தண்ணீரின் கொதிநிலை 101, 102 டிகிரிக்கு இறங்கிவிடுகிறது. பல கார்களில் விசிறியே 95 டிகிரிக்கு மேல்தான் ஓடத் தொடங்கும். இடையில் மிச்சம் எதுவும் இல்லை. சத்தி சாலையில் ஒழுங்காக இருக்கும் வண்டி குன்னூர் ஏற்றத்தில் மட்டும் ஒரு டம்ளர் கூலன்ட்டைத் துப்புவதற்கு இது ஒன்றே போதும். மூடியைச் சோதனைக் கருவியில் மாட்டி அழுத்தினால் எந்த எண்ணில் திறக்கிறது என்பது அரை நிமிடத்தில் தெரிந்துவிடும். ரப்பரைக் கண்ணால் பார்த்து "நல்லாத்தானுங்க இருக்குது" என்பது சோதனை ஆகாது.

மூடி நல்லது என்றால் அடுத்தது வெளிக்கசிவு. செம்பு, பித்தளை ரேடியேட்டர்கள் இருந்தவரை ஓட்டை விழுந்தால் ஈயம் வைத்து அடைக்கும் பட்டறைகள் ஊருக்கு ஊர் இருந்தன. இன்றைய ரேடியேட்டரின் நடுப்பகுதி அலுமினியம், இரு ஓரத்துத் தொட்டிகளும் பிளாஸ்டிக். நடுவே ரப்பர் வளையம் வைத்து, அலுமினியப் பற்களை மடித்துக் கவ்வியிருப்பார்கள். வருடக்கணக்கில் சூடும் குளிர்ச்சியும் மாறி மாறி வர, அந்த மடிப்பில் மயிரிழை அளவு வழி விடும். அது சூட்டில் மட்டும் கசியலாம். சில வண்டிகளில் உலோகம் சுருங்கும் அதிகாலைக் குளிரில் மட்டும் கசிந்து, ஓடத் தொடங்கியதும் தானே அடைந்துகொள்ளும். பிளாஸ்டிக் தெர்மோஸ்டாட் கூடு, ஹோஸ் மாட்டும் கழுத்து, தளர்ந்த கிளிப், பிளாக்கின் பக்கவாட்டில் அடித்திறக்கிய கிண்ண வடிவப் பிளக்குகள் என்று பார்க்க வேண்டிய இடங்கள் பல. பிளக்குகள் துருப்பிடித்துக் கசியும்போது, அவற்றில் ஒன்றிரண்டு கியர்பாக்ஸுக்குப் பின்னே மறைந்திருப்பதால், எங்கிருந்து வருகிறது என்றே புரியாது.

வாட்டர் பம்பை மட்டும் கொஞ்சம் நின்று பார்க்கலாம். கிணற்றுப் பம்பில் உள்ள அதே மெக்கானிக்கல் சீல்தான் இதிலும்: வழுவழுப்பான இரண்டு முகங்கள் ஒன்றோடொன்று உராய்ந்தபடி சுழன்று திரவத்தைத் தடுக்கின்றன. சீலுக்கும் பேரிங்குக்கும் நடுவே, பம்பின் உடலில் பென்சில் முனை அளவுக்கு ஒரு துளை விட்டிருப்பார்கள். சீல் தேய்ந்தால் திரவம் பேரிங்குக்குள் புகாமல் அந்தத் துளை வழியே வெளியே வந்துவிட வேண்டும் என்பதற்காக விட்ட துளை அது. அதைச் சுற்றி லேசான கறை இருந்தால் கவலைப்பட வேண்டியதில்லை. துளையிலிருந்து கீழ்நோக்கிக் கோடாக ஒழுகிய தடம், கையால் ஆட்டினால் புல்லியில் ஆட்டம், இரண்டும் இருந்தால் பம்பின் காலம் முடிந்தது. டைமிங் பெல்ட்டே பம்பையும் சுற்றும் இன்ஜின்களில் அந்தத் துளை கவருக்குள் ஒளிந்திருக்கும். கவரைத் திறக்காமல் "பம்ப் சரியாத்தான் இருக்குது" என்று சொல்ல யாராலும் முடியாது.

இத்தனை இடங்களையும் ஒவ்வொன்றாகக் கண்ணால் துழாவத் தேவையில்லாதபடி ஒரு கருவி இருக்கிறது. சைக்கிள் பம்ப் அளவே உள்ள கைப்பம்ப், அதில் ஓர் அழுத்தமானி, விதவிதமான கழுத்துகளுக்குப் பொருந்தும் அடாப்டர்கள். விலை சில ஆயிரம் ரூபாய். இன்ஜின் முழுதாக ஆறிய பிறகு மூடியைக் கழற்றி, திரவத்தை நிரப்பி, மூடியின் இடத்தில் இதை மாட்டி, மூடியில் எழுதிய அழுத்தம் வரை ஏற்றுவார்கள். அதைத் தாண்டி ஏற்றினால் நல்ல ஹீட்டர் குழாயும் உடையும்; அவசரக்கைகள் அந்தத் தப்பைச் செய்கின்றன. பிறகு காத்திருப்பதுதான் வேலை. 15, 20 நிமிடம் முள் அசையாமல் நின்றால் பெரிய கசிவு இல்லை. இறங்கினால், ஓடாத இன்ஜினில், விசிறிக் காற்று இல்லாமல், சூடு இல்லாமல், கசியும் இடத்தில் துளி அப்படியே திரண்டு நிற்கும். முள் இறங்குகிறது, வெளியே எங்கும் ஈரமில்லை என்றால் கசிவு உள்ளே. அந்த ஒரு சோதனை இரண்டு உலகங்களைப் பிரித்துக் காட்டிவிடுகிறது. சூட்டில் மட்டும் கசியும் வண்டியை ஓட்டிச் சூடாக்கிப் பக்குவமாக மறுபடியும் சோதிக்க வேண்டும். இதிலும் பிடிபடாத நுண்கசிவுக்குக் கூலன்ட்டில் ஒளிரும் சாயம் கலந்து, சில நாள் ஓட்டி, புற ஊதா விளக்கில் பார்ப்பது அடுத்த படி.

கேபினுக்குள் ஒளிந்திருக்கும் ஒரு கசிவும் உண்டு. கோவையில் ஹீட்டரை யாரும் தேடுவதில்லை என்றாலும், டாஷ்போர்டுக்குப் பின்னால் ஹீட்டரின் குட்டி ரேடியேட்டர் இருக்கிறது. கூலன்ட் அதிலும் ஓடுகிறது. முன்கண்ணாடியில் துடைத்தாலும் போகாத எண்ணெய்ப் பிசுக்கான மூடுபனி, இனித்த வாசம், மிதியடிக்குக் கீழே ஈரம் ஆகியவை அதன் அடையாளங்கள்.

டீசல் கார்களில் இன்னொன்று: இ.ஜி.ஆர். கூலர். புகையின் ஒரு பகுதியைக் குளிர்வித்து மறுபடி இன்ஜினுக்குள் அனுப்பும் இந்தச் சிறு பெட்டியில் ஒரு பக்கம் எரிபுகை, மறுபக்கம் கூலன்ட். நடுச்சுவர் வெடித்தால் கூலன்ட் புகையோடு கலந்து காணாமல் போகும். தரையிலும் தெரியாது, எண்ணெயிலும் தெரியாது. இது எவ்வளவு பெரிய விஷயமாகலாம் என்பதை 2018-ல் தென்கொரியா கண்டது. பி.எம்.டபிள்யூ. டீசல் கார்கள் ஓடும்போதே தீப்பிடித்தன. கூலரிலிருந்து கசிந்த கிளைக்கால் கரியோடும் எண்ணெயோடும் சேர்ந்து படிந்து, சூடான புகையில் பற்றிக்கொண்டதே காரணம் என்று நிறுவனம் சொன்னது. ஜூலையில் அங்கே ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட கார்கள் திரும்ப அழைக்கப்பட்டன. பரிசோதிக்காத கார்களைச் சாலையில் ஓட்டவே அரசு தடை விதித்தது. அக்டோபரில் உலகம் முழுக்க அந்த அழைப்பு 16 லட்சம் கார்களுக்கு விரிந்தது. கூலரின் வடிவமைப்பிலேயே குறை இருப்பதாக டிசம்பரில் கொரிய அரசின் விசாரணை சொன்னது. இந்தியாவில் 2020 ஏப்ரலில் வந்த பி.எஸ்.6 புகைக் கட்டுப்பாட்டு விதிகளுக்குப் பிறகு இ.ஜி.ஆர். அமைப்புகள் இன்னும் சிக்கலாகியுள்ளன. டீசல் காரில் கூலன்ட் குறைந்தால் ஹெட் கேஸ்கட்டைத் திட்டுவதற்கு முன் இ.ஜி.ஆர். கூலரைத் தனியே கழற்றிச் சோதிக்கச் சொல்வது நியாயம்.

ஹெட் கேஸ்கட் என்ற பெயரைக் கேட்டாலே வண்டிக்காரர் முகம் சுருங்கும். பிளாக்குக்கும் சிலிண்டர் ஹெட்டுக்கும் நடுவே உள்ள இந்தத் தகடு ஒரே நேரத்தில் எரிபுகையையும் எண்ணெயையும் கூலன்ட்டையும் தனித்தனியே பிரித்து வைக்கிறது. எங்கே விட்டுப்போகிறது என்பதைப் பொறுத்து அறிகுறி மாறும். எரிபுகை கூலன்ட்டுக்குள் புகுந்தால் டப்பாவில் குமிழி வரும். ஆறிய காலையிலும் மேல் ஹோஸ் கல்லாக இருக்கும். கூலன்ட் சிலிண்டருக்குள் ஒழுகினால் காலை ஸ்டார்ட்டில் கொஞ்ச நேரம் இன்ஜின் தடுமாறும். ஸ்பார்க் பிளக்குகளில் ஒன்று மட்டும் ஆவியில் கழுவியது போல் பளிச்சென்று இருக்கும். இரவில் சிலிண்டர் நிறைந்துவிட்டால், காலையில் சாவி திருப்பிய வேகத்தில் கனெக்டிங் ராடே வளையும்.

பரவலாக நம்பப்படும் இரண்டு அறிகுறிகள் ஏமாற்றக்கூடியவை. ஒன்று, ஆயில் மூடியின் அடியில் தயிர் போன்ற வெள்ளைப் படிவு. வீட்டுக்கும் ஆபீஸுக்கும் மூன்று கிலோமீட்டர் ஓடும் வண்டியில் ஈரப்பதம் ஆவியாக நேரமில்லாமல் மழைக்காலத்தில் இது தானாகவே வரும். டிப்ஸ்டிக்கிலும் அதே நிறம் இருந்தால்தான் கவலை. மற்றது வெள்ளைப் புகை. ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறத்தாழ ஒரு லிட்டர் தண்ணீர் உண்டாகிச் சைலென்சர் வழியே வெளியேறுகிறது. லிட்டருக்கு 15 கிலோமீட்டர் தரும் கார் 500 கிலோமீட்டர் ஓடினால் 33 லிட்டர் தண்ணீர்! அதோடு 100 மில்லி கூலன்ட் சேர்ந்து போனால் எந்தக் கண்ணுக்குத் தெரியும்? ஊட்டிக் காலைக் குளிரில் நல்ல வண்டியும் புகைவிடும். கெட்ட வண்டி கோவை வெயிலில் புகையே காட்டாமலும் இருக்கும்.

உறுதியான பதிலைத் தருவது வேதியியல். புரோமோதைமால் நீலம் கலந்த நீலத் திரவத்தைக் கண்ணாடிக் குழாயில் ஊற்றி, ரேடியேட்டர் வாயில் வைத்து, உள்ளிருக்கும் காற்றை அதன் வழியே இழுப்பார்கள். எரிபுகையின் கார்பன் டை ஆக்சைடு வந்தால் நீலம் மஞ்சளாகும். கூலன்ட்டையே உறிஞ்சிவிட்டால் சோதனை கெட்டுவிடும் என்பதால் மட்டத்தைக் கொஞ்சம் இறக்கிவிட்டுச் செய்ய வேண்டும். அடுத்தது, ஒவ்வொரு சிலிண்டராக அழுத்தக் காற்று செலுத்தி ரேடியேட்டரில் குமிழி வருகிறதா என்று பார்ப்பது. அழுத்தத்தை இரவு முழுக்க விட்டுவைத்து, காலையில் பிளக் துளை வழியாகச் சிறு கேமராவை இறக்கினால் பிஸ்டன் தலையில் ஈரம் தெரியும். இவற்றில் எதுவும் ஹெட்டைக் கழற்றக் கேட்பதில்லை.

வடிவமைப்பே கேஸ்கட்டைத் தின்ற கதைகளும் உண்டு. பிரிட்டனின் ரோவர் நிறுவனம் 1988-ல் கொண்டுவந்த கே-சீரிஸ் இன்ஜின் எடை குறைந்தது, திறமையானது. கூலன்ட் கொள்ளளவும் மிகக் குறைவு. வேறெங்கோ, உதாரணமாக இன்டேக் கேஸ்கட்டில், சிறிதளவு கசிந்தாலே மட்டம் சட்டென்று அபாயத்துக்கு வந்துவிடும். ஹெட் சூடேறி கேஸ்கட் போகும். லேண்ட் ரோவர் ஃப்ரீலேண்டரில் இது பேர்போன நோயானது. பல அடுக்கு எஃகு கேஸ்கட் வந்த பிறகே நிலைமை தேறியது. முதல் கசிவை அலட்சியம் செய்ததால் வந்த இரண்டாவது கோளாறே பலருக்கும் கேஸ்கட் கோளாறாகத் தெரிந்தது என்பதுதான் இதில் கவனிக்க வேண்டியது. ஃபோர்டின் ஈகோபூஸ்ட் வரிசையில் சில இன்ஜின்களின் பிளாக்கில் சிலிண்டர்களுக்கு நடுவே கூலன்ட் ஓடக் குறுகிய வாய்க்கால் வெட்டியிருந்தார்கள். அங்கே கேஸ்கட் பிடிமானம் குறைந்து கூலன்ட் சிலிண்டருக்குள் நுழைந்தது. பிறகு பிளாக்கையே மாற்ற வேண்டிவந்தது.

இனி, உள்ளே ஊற்றுவது எது என்ற கேள்வி. கோவைப் பகுதி வீடுகளில் குழாய் இரண்டு: நல்லதண்ணி, உப்புத்தண்ணி. நல்லதண்ணி சிறுவாணியிலிருந்தோ பில்லூரிலிருந்தோ வருவது. உப்புத்தண்ணி போர்வெல்லில் வருவது. அவசரத்துக்கு ரேடியேட்டரில் போவது பெரும்பாலும் உப்புத்தண்ணிதான். அதிலுள்ள சுண்ணாம்பு சூடான சுவரில் படிகிறது. குளோரைடு அலுமினிய ஹெட்டை அரிக்கிறது, கேஸ்கட் ஓரத்தில் குழி விழுகிறது. சிறுவாணித் தண்ணீர் மென்மையானது என்பதால் பரவாயில்லை என்று நினைப்பதும் தவறு. அதிலும் அரிப்பைத் தடுக்கும் சேர்மானம் இல்லை. நடுவழியில் வேறு வழியில்லாவிட்டால் எந்தத் தண்ணீரும் ஊற்றலாம். ஊர் திரும்பியதும் வடித்துவிட்டு, டிஸ்டில்டு வாட்டரோடு சரியான கூலன்ட்டை நிரப்ப வேண்டும். நிறத்தைப் பார்த்துக் கூலன்ட் வாங்கக் கூடாது. பச்சையும் இளஞ்சிவப்பும் வெறும் சாயம். வண்டியின் கையேடு சொல்லும் வகையே கணக்கு.

கூலன்ட் வகை எவ்வளவு பெரிய வழக்காகும் என்பதற்கு ஜெனரல் மோட்டார்ஸின் டெக்ஸ்கூல் சான்று. 1990-களின் நடுவில் நீண்ட ஆயுள் கூலன்ட் என்று அறிமுகமானது. சில வி6 இன்ஜின்களில் இன்டேக் கேஸ்கட் கசிவதாகவும், மட்டம் குறைந்து காற்று கலந்தபோது பழுப்புச் சேறு படிவதாகவும் அமெரிக்காவில் உரிமையாளர்கள் வழக்குத் தொடுத்தார்கள். 2008-ல் நிறுவனம் இழப்பீட்டுக்கு உடன்பட்டது.

ஓட்டை அடைக்கும் பவுடர்களைப் பற்றி ஒரு வரி போதும். லாரிக்காரர்களின் மஞ்சள்தூள் வைத்தியம் போலவே, அவை அகலமான பழைய ரேடியேட்டரில் ஊர் போய்ச்சேர உதவும்; இன்றைய நுண்குழாய்களிலும் ஹீட்டரிலும் போய் அடைத்துக்கொள்ளும்.

"முள்ளு நடுவுலதானுங்க நிக்குது" என்பது ஓட்டுநர்களின் நிம்மதி. அந்த முள் பல கார்களில் 75-லிருந்து 105 டிகிரி வரை அசையாதபடி அமைக்கப்பட்டது. பல சிறிய கார்களில் முள்ளே கிடையாது, நீலமும் சிவப்புமாக விளக்கு மட்டும். இன்னும் மோசமானது, வெப்பத்தை அளக்கும் சென்சார் திரவத்தில் மூழ்கியிருக்க வேண்டியது. கூலன்ட் வற்றிக் காற்றில் நின்றால் அது உண்மை வெப்பத்தைச் சொல்லாமலும் போகலாம். ஃபோர்டு இதைக் கடுமையான வழியில் கற்றது. 2017 ஜனவரியில் தென்னாப்பிரிக்காவில் தீப்பிடிப்புப் புகார்களுக்குப் பிறகு 4,556 கூகா 1.6 கார்களைத் திரும்ப அழைத்தது. கூலன்ட் சுற்றோட்டம் குறைந்து ஹெட் வெடித்து, எண்ணெய் சூடான பாகத்தில் விழுந்து பற்றுவதே காரணமாகச் சொல்லப்பட்டது. அதே ஆண்டு மார்ச்சில் அமெரிக்காவிலும் 1.6 இன்ஜின் கார்களை அழைத்தபோது கொடுத்த தீர்வு, டப்பாவில் மட்டத்தைக் காட்டும் சென்சார் பொருத்துவது. வெப்பமானியை மட்டும் நம்பியது போதாது என்று ஒரு பெரிய நிறுவனமே ஒப்புக்கொண்டதாகத்தான் இதைப் பார்க்க வேண்டும். கோளாறு கண்டறியும் கருவியை மாட்டுவதற்கான ஓ.பி.டி. துளையில் மாட்டும் சிறு புளூடூத் கருவி வாங்கினால், முள் மறைக்கும் எண்ணைப் போனிலேயே பார்த்தபடி மலையேறலாம்.

இத்தனை சோதனைகள் இருந்தும் நடப்பதென்னவோ ஊகம்தான். கோவைக்கு இது பொருந்தாத குறை. பம்புகளைச் சோதித்துச் சான்றளிக்கவென்றே சிட்டார்க் போன்ற ஆய்வகம் இயங்கும் ஊர் இது. இங்கே உருவாகும் பம்ப் அழுத்தம் பார்க்காமல் வெளியே போவதில்லை. கணபதி டெக்ஸ்டூலிலிருந்து சரவணம்பட்டி வரை லேத் பட்டறைகளில் ஹெட் பேசிங் (அடிமுகத்தைச் சமப்படுத்துவது) செய்ய வரிசையில் நிற்கும் ஹெட்டுகளில், உண்மையில் கழற்றியே இருக்க வேண்டாதவை எத்தனை என்ற கேள்வி எழுகிறது. குற்றத்தை மெக்கானிக் தலையில் மட்டும் போட முடியாது. பம்ப் மாற்றினால் அதற்குப் பணம் கொடுக்கும் வாடிக்கையாளர், ஒரு மணி நேரம் அழுத்தமானியைப் பார்த்துக்கொண்டு நின்றதற்குக் கூலி கேட்டால் முறைக்கிறார். சோதனைக்குக் காசு இல்லாத இடத்தில் பாகம் மாற்றித்தான் பிழைக்க முடியும். ஜாப் கார்டில் எத்தனை பார் ஏற்றினார்கள், எத்தனை நிமிடம் நின்றது, மூடி எந்த எண்ணில் திறந்தது, நீலத் திரவம் நிறம் மாறியதா என்ற நான்கையும் எழுதிக் கேட்டு, அதற்கான கூலியை மனதாரக் கொடுக்கும் வழக்கம் வர வேண்டும். இந்திய மோட்டார் காப்பீட்டில் தேய்மானமும் இயந்திரக் கோளாறும் விலக்கப்பட்டவை. சூடேறிப் போன இன்ஜினின் செலவு முழுக்க உரிமையாளர் கையிலிருந்துதான் போகும்.

பழைய கார் வாங்குகிறவர்கள் இதில் கூடுதல் கவனம் எடுக்க வேண்டும். விற்பவர் வண்டியைக் காட்டும் முன் டப்பாவை நிரப்பிவிடுவார். மூன்று வாரத்துக் கோடு அங்கே இருக்காது. ஆகவே வண்டி முழுதாக ஆறியிருக்கும்போதே போக வேண்டும். சூடாக்கித் தயாராக வைத்திருந்தால் இன்னொரு நாள் காலையில் வருவதாகச் சொல்லிவிடலாம். மூடியைத் திறந்து ரேடியேட்டரின் கழுத்து வரை திரவம் நிற்கிறதா, நிறம் டப்பாவில் உள்ளதோடு ஒத்திருக்கிறதா, எண்ணெய்ப் படலமோ துருவோ மிதக்கிறதா என்று பார்த்து, அழுத்தச் சோதனையையும் நீலத் திரவச் சோதனையையும் அங்கேயே செய்யச் சொல்லலாம். மேல் ஹோஸை ஸ்டார்ட் செய்வதற்கு முன் ஒருமுறை அழுத்திப் பார்ப்பதற்கு யாருடைய அனுமதியும் வேண்டியதில்லை.